வா என்றால் வா, போ என்றால் போ

வாசகிகளே, உங்கள் வீட்டுக் கூடத்தில் எத்தனை ரிமோட்டுகள்? ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் தனியாக இருக்கும் என் தாயாரிடம் மூன்று இருந்தன: டெலிவிஷனுக்கு, செட்டாப் பெட்டிக்கு, ஒலிபெருக்கிக்கு. காவிரிப் பாலத்துக்கு இப்பால் திருச்சியில் குடியிருக்கும் நான், பெரிய சாமர்த்தியசாலி போல, மூன்றுக்கும் பதிலாக ஒன்றை வாங்கிக் கொடுத்தேன்.

வந்தது வினை! வைகுண்ட ஏகாதசி விடியற்காலையில் அம்மா பொத்தானை அழுத்தினாள். டெலிவிஷன் விழித்தது, இரவு அணைக்க மறந்திருந்த ஒலிபெருக்கி தூங்கிவிட்டது. முழங்கால் வலியால் கோயிலுக்குப் போக முடியாதவள், பரமபத வாசல் திறப்பை ஊமைப் படமாகப் பார்த்தாள்.

காரணம் இதுதான். சாதாரணப் 'பவர்' பொத்தானுக்கு ஒரே சங்கேதம். ஓடுவதை நிறுத்தும், நின்றதை ஓட்டும். அகச்சிவப்புக் கதிர் ஒரு கருவிக்கு எட்டாவிட்டாலும் எல்லாம் தலைகீழ்! ஆனால் பல கருவிகள் 'ஓடு', 'நில்' என்ற தனித்தனிச் சங்கேதங்களையும் அறியும். கூட வந்த ரிமோட்டில் பெரும்பாலும் அவற்றுக்குப் பொத்தான் இராது. அதனால் அதை நகல் எடுத்துப் பயனில்லை. சங்கேத எண்ணைத் தேடி நாமே பதிய வேண்டும்.

பதிந்தேன். இப்போது 'ஓடு' என்பதை எத்தனை முறை அழுத்தினாலும் ஓடுவது நிற்பதில்லை.

"ஒரே வார்த்தைக்கு வா, போ என்று இரண்டு அர்த்தமா? நன்றாயிருக்கிறது!" என்றாள் அம்மா. இத்தனை நாளும் தன் கைதான் தப்புச் செய்கிறது என்று நினைத்திருந்தாளாம்!