இடப்பக்கத்து பிரேக்

டிரைவிங் ஸ்கூல் கார்களில் இடப்பக்கம் உட்காரும் மாஸ்டரின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அண்ணன் மகள் எல்.எல்.ஆர். வாங்கிய புதிதில் துணைக்கு நானும் பின்சீட்டில் தொற்றிக்கொள்வேன். சாலையைவிட அந்த மாஸ்டரின் காலைத்தான் அதிகம் பார்ப்பேன். சந்துமுனையில் ஒரு சைக்கிள் தலைகாட்டும். இவள் கண்ணில் அது படுவதற்குள் அவர் பாதம் பிரேக்மேல் வந்து உட்கார்ந்திருக்கும். உடனே மிதிக்கமாட்டார். இவள் மிதித்தாளா, காலைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வார். வெளியே பேச்சு மட்டும் நிற்காது.

அவர் பார்த்ததற்கும் இவள் மிதித்ததற்கும் நடுவில் எவ்வளவு சாலை ஓடிவிடுகிறது! 50 கி.மீ. வேகத்தில் வண்டி நொடிக்கு 14 மீட்டர் போகும். கண்ணில் பட்டு, புத்திக்கு எட்டி, கால் இறங்க ஒரு நொடி என்று வையுங்கள். அதுவும் செல்போன் பையில் இருந்தால். பிரேக் தொடும் முன்பே 14 மீட்டர் காலி. நல்ல டயரும் காய்ந்த தார்ச்சாலையுமாக இருந்தால் அதற்குமேல் இன்னொரு 14 மீட்டரில் நிற்கும். ஆக 28.

60 என்றால்? பத்துதானே கூட என்று தோன்றும். 50இல் வந்தவர் நின்றுவிட்ட அதே இடத்தை, 60இல் வந்தவர் சுமார் 40 கி.மீ. வேகத்தில் கடந்துகொண்டிருப்பார். நம்ப முடியாமல் இந்தக் கணக்கை நான் இன்னொரு தடவை போட்டுப் பார்த்தேன். வேகம் இரட்டித்தால் பிரேக் பிடித்தபின் ஓடும் தூரம் நான்கு மடங்காகிறது. தூசியும் எண்ணெயும் படிந்த சாலையில் முதல் மழை விழுந்தால் இன்னும் மோசம். ஏ.பி.எஸ். இருக்கிறதே என்பார்கள். சக்கரம் இறுகிப்போகாமல், பிரேக் பிடித்தபடியே ஸ்டியரிங்கைத் திருப்ப விடுவதுதான் அதன் முக்கிய வேலை. ஜல்லி கிடக்கும் இடத்தில் தூரம் கூடவும் செய்யலாம்.

சாலை போடுகிறவர்கள் நம்மைவிட எச்சரிக்கையானவர்கள். இந்தியச் சாலைகள் காங்கிரஸ் ஓட்டுநருக்கு 2.5 நொடி அவகாசம் கொடுத்து, 80 கி.மீ. வேகத்துக்கு 120 மீட்டரும் 100க்கு 180 மீட்டரும் முன்னால் தெரியவேண்டும் என்கிறது. நெடுஞ்சாலையில் கிலோமீட்டர் கற்களுக்கு நடுவே 200 மீட்டருக்கு ஒரு சின்னக் கல் இருக்கும். திருமங்கலம் போகும்போது அதைக் காட்டி, "நூறுல போனா நிக்கறதுக்கு ஏறக்குறைய அடுத்த கல் வரைக்கும் இடம் வேணும்" என்றேன். "அவ்வளவு தூரமா சித்தப்பா?" என்று திரும்பிப் பார்த்தாள். கல் அதற்குள் எங்கேயோ போய்விட்டது.

லைசென்ஸ் தேர்வில் இதெல்லாம் வராது. எட்டு போடச் சொல்வார்கள், ரிவர்ஸ் எடுக்கச் சொல்வார்கள், எல்லாம் நடை வேகத்தில். முன்வண்டி திடீரென நின்றாலும் மோதாத அளவுக்கு இடைவெளி வேண்டும் என்று 1989ஆம் ஆண்டுச் சாலை விதி சொன்னது; எத்தனை மீட்டர் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் ஓடும் வண்டியிலிருந்து மீட்டரை யார் அளப்பது? நொடியை எண்ணலாம். முன்வண்டி ஒரு புளியமரத்தைத் தாண்டியதும் 'ஆயிரத்தொன்று, ஆயிரத்திரண்டு' என்று சொல்லி முடிக்கும்முன் நாம் அந்த மரத்தை எட்டினால், ஒட்டிப் போகிறோம். மழை என்றால் நான்குவரை எண்ணவேண்டும்.

ஊருக்குள் இது நடக்குமா என்பதுதான் நியாயமான கேள்வி. அவளே கேட்டுவிட்டாள்: "கேப் விட்டா ஆட்டோ உள்ள வந்துடுது மாஸ்டர்."

"வரட்டும்மா. மறுபடியும் விடு."

ஒரு ஆட்டோ நுழைந்தால் நமக்கு இரண்டு நொடி நஷ்டம். பத்து நுழைந்தாலும் ஒரு சிவப்பு விளக்குக்குக் காத்திருக்கும் நேரம்கூட ஆகாது. அவளுக்கு ஒப்பவில்லை. "பின்னாடி வர்றவர் ஹாரன் அடிச்சே கொன்னுடுவார்."

"அவர் ஒட்டி வந்தா முன்னாடி இன்னும் கொஞ்சம் கூடவே விட்டுக்க. சடார்னு மிதிக்காம மெதுவா நிறுத்தலாம், அவரும் வந்து இடிக்கமாட்டார்" என்றவர், லெஃப்ட் இண்டிகேட்டர் போடச் சொன்னார்.