கரும்புத் தொட்டிலும் மூன்றாவது மாடியும்

நினைத்தாலே முக்தி தரும் ஊர் திருவண்ணாமலை என்பார்கள். ரூம் மட்டும் நினைத்தால் கிடைக்காது. அதுவும் கார்த்திகை தீபத்தின்போது!

'கைக்குழந்தையோடு வேறு நாளில் போகக் கூடாதா?' என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். மாமியார் ஒரு பார்வை பார்த்தார். அவ்வளவுதான், பெட்டி கட்டிவிட்டேன். இரண்டாவது நல்லபடியாகப் பிறந்தால் கரும்புத் தொட்டில் எடுப்பதாக அவர் வேண்டிக்கொண்டிருந்தார். கரும்பில் புடவையைத் தூளியாகக் கட்டி, குழந்தையை உள்ளே போட்டு, அப்பா ஒரு முனை, அம்மா ஒரு முனையாக மாட வீதிகளைச் சுற்றி வர வேண்டும். திருவிழாவின் ஏழாம் நாள், தேர் ஓடும்போது போனால் வீதியெல்லாம் தூளிதான்.

பிள்ளை விஷயத்தில் இந்த ஊர் சாமி கொஞ்சம் இளகிய மனசுக்காரர். பதினான்காம் நூற்றாண்டில் இங்கே இருந்து ஆண்ட ஹொய்சள மன்னன் வல்லாளனுக்குப் பிள்ளை இல்லை என்று தானே பிள்ளையாக வந்தார் என்பது ஊர்க் கதை. இன்றும் மாசி மாதம் பள்ளிகொண்டாப்பட்டில் மகன் ஸ்தானத்தில் அவனுக்குத் திதி கொடுக்கிறார். பிள்ளை வரம் தருகிறவர், பிள்ளையோடு தங்க ஒரு நல்ல ரூமுக்கும் ஏற்பாடு செய்திருக்கலாம்.

ரமணாசிரமத்தில் கேட்டுப் பார்த்தேன். அங்கே தங்குவதற்குக் கட்டணம் கிடையாது. ஆனால் வெகுநாள் முன்பே எழுதிக் கேட்க வேண்டும். தீபத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது கேட்டது என் தப்பு. கடைசியில் மாட வீதியில் ஒரு லாட்ஜ் அகப்பட்டது.

"மூணாவது மாடி, பால்கனியோட சார். தேர் உங்க கண்ணு முன்னால போகும்!"

பி.காம். படித்தவன் புத்தி வேலை செய்தது. ஒரே வாடகையில் ரூமும் தரிசனமும். வரவில் இரண்டு, பற்றில் ஒன்று. அட்வான்ஸ் அனுப்பிவிட்டேன்.

போய்ச் சேர்ந்தால், கூட்டத்தில் ஆட்டோ வீதிக்குள் வராது. பெட்டி, பிளாஸ்க், எட்டு மாசப் பெண், இரண்டரை வயசுப் பையன், மாமியார் எல்லோரையும் திரட்டிக்கொண்டு நடந்தோம். லிஃப்ட் இருந்தது. ஓடவில்லை. ராஜகோபுரம் 217 அடி என்று படித்திருக்கிறேன். மூன்றாவது மாடியை எட்டும்போது அதில்தான் ஏறிவிட்டோமோ என்று சந்தேகம் வந்தது. வெந்நீர் காலை ஐந்து முதல் ஏழு வரை. என் பெண் அந்த நேரம் தவிர மற்ற எல்லா நேரத்திலும் புடவையை நனைப்பாள். ஒலிபெருக்கி, ஜன்னலுக்கு நேர் எதிரே.

இதெல்லாம் சமாளிக்கலாம் சார். பால்கனி?

நான் கீழே கடைகளை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் பையன் கம்பிக்கு நடுவே தலையை விட்டுவிட்டான். போன தலை திரும்பி வரவில்லை. அவன் அலற, மாமியார் "அண்ணாமலையாரே!" என்று அலற, நான் எதற்கோ போனைத் தேட, மனைவிதான் காதோரம் தேங்காய் எண்ணெயைத் தடவி, தலையைப் பக்கவாட்டில் திருப்பி மெதுவாக எடுத்தாள். உடம்பும் சேர்ந்து நுழைந்திருந்தால்... அந்த வாக்கியத்தை நான் இன்றுவரை முடிக்கவில்லை.

அமெரிக்காவில் வீட்டு பால்கனிக் கம்பிகளுக்கு நடுவே 4 அங்குலப் பந்து நுழையக் கூடாது என்று விதியாம். எங்கள் லாட்ஜில் பித்தளைச் சொம்பு நுழைந்தது. விட்டுப் பார்த்தேன்.

கீழே பால் வாங்கப் போன இடத்தில் புலம்பினேன். கடைக்காரர் செங்கம் ரோடு பக்கம் ஒரு பாட்டி வீட்டைச் சொன்னார். அட்வான்ஸ் போனது போகட்டும் என்று சாயங்காலமே கிளம்பிவிட்டோம்.

பாட்டி கேட்ட ஒரே கேள்வி: "புள்ளைக்கு எத்தன மாசம்?"

தரைத்தளம். ஜன்னலைத் திறந்தால் எதிர் வீட்டுச் சுவர். கோபுரமும் இல்லை, மலையும் இல்லை. ஆனால் உத்திரத்தில் தூளிக்குக் கொக்கி இருந்தது. கட்டில் கிடையாது, பாய்தான். விழுந்தாலும் அரை அங்குலம். கொல்லையில் விறகடுப்பு, கேட்டபோதெல்லாம் வெந்நீர். மாமியார் முழங்கையை நனைத்துச் சூடு பார்த்துக் குளிப்பாட்டினார். குரங்குக்குப் பயந்து ஜன்னலில் அடித்திருந்த கம்பி வலை, என் பையனுக்கும் பொருத்தமாக இருந்தது.

இப்போதெல்லாம் எந்த ஊருக்குப் போனாலும் நான் ஏ.சி. இருக்கா, டி.வி. இருக்கா என்று கேட்பதில்லை. எந்த மாடி, ராத்திரி பால் காய்ச்சித் தருவீர்களா, பால்கனிக் கம்பிக்குள் சொம்பு போகுமா என்று கேட்கிறேன். சொம்பு என்றதும் பாதிப் பேர் போனை வைத்துவிடுகிறார்கள். திருவண்ணாமலைக்கு இன்னொரு கேள்வியும் உண்டு. சென்னை பீச்சிலிருந்து 2024 மே மாதம் விட்ட ரயில், மாலையில் கிளம்பி நள்ளிரவு வாக்கில்தான் கொண்டுபோய்ச் சேர்த்தது. அந்த மாதிரி வண்டியில் போனால், அந்நேரத்துக்குக் கதவு திறக்க ஆள் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மறுநாள் தேர். தோளில் கரும்போடு முன்னால் நான், பின்னால் மனைவி, நடுவே தூளியில் பெண். பையன் பாட்டியின் இடுப்பில். அத்தனை மேளத்திலும் பெண் தூங்கிவிட்டாள்.

அந்த லாட்ஜைக் கடக்கும்போது அண்ணாந்து பார்த்தேன். எங்கள் பால்கனியில் வேறு குடும்பம். ஒரு வாண்டு கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே குனிந்துகொண்டிருந்தது.

"பிள்ளையப் பிடிங்க! பிள்ளையப் பிடிங்க!" என்று கத்தினேன்.

மேளத்தில் யாருக்குக் கேட்கும்? கரும்புத் தொட்டிலைப் பார்த்து மேலிருந்து பக்தியோடு கும்பிட்டார்கள். கூட்டம் பின்னாலிருந்து தள்ளியது. ஒரு அம்மாள் வந்து அந்த வாண்டை இடுப்பில் தூக்கிக்கொண்ட பிறகுதான் எனக்குக் கால் நகர்ந்தது.