வுலர் ஏரிக்கரையில்

நீங்களும் வட்லப் குன்றிலிருந்து காஷ்மீரின் வுலர் ஏரியைப் பார்த்தவர்தான் என்றால், அந்த வாசனை இந்நேரம் மூக்கில் ஏறியிருக்கும். சேறு, அழுகிய தாமரை இலை, சினார்ச் சருகு புகையும் நெடி எல்லாம் கலந்த ஐப்பசிக் காற்று. பெண்கள் சருகைக் கூட்டிக் குவித்து எரித்து, தண்ணீர் தெளித்துத் தெளித்துக் கரியாக்குவார்கள். காங்கிரிக் கணப்புச் சட்டிக்கு அதுதான் சேமிப்பு.

அந்தப் புகை அடங்குவதற்குள் பறவைகள் வந்துவிடும். முதலில் சத்தம்தான். சைபீரியாவிலிருந்து வரும் சாம்பல் வாத்துகள் நடுராத்திரியில் கூரைக்கு மேலே கத்திக்கொண்டு போகும். நாங்கள் குடியிருந்த வீட்டுப் பாட்டி அரைத்தூக்கத்தில் "வந்தாச்சு" என்பார். விடிந்து போய்ப் பார்த்தால் ஊசிவால் வாத்து, கிளுவை, நாமக்கோழி என்று நாணல் இடுக்கெல்லாம் ஒரே சலசலப்பு. டிசம்பர் 21-இல் கடுங்குளிர்க் காலமான சில்லை கலான் பிறக்கும். அந்த 40 நாளும் பாட்டிக்கு ஃபெரன் அங்கிக்குள் காங்கிரி, கையில் உப்புத் தேநீர். சமோவார் விடாமல் முனகிக்கொண்டிருக்கும்.

படகுக்காரச் சாச்சா மத்தியானத்துக்கு மேல் துடுப்பைத் தொடமாட்டார். மலையிறங்கும் காற்று ஏரியைப் புரட்டிவிடும். படகுகள் ஒதுங்கத்தான் சுல்தான் சைனுல் ஆபிதீன் நடு ஏரியில் தீவு எழுப்பினார் என்று, நேற்று பக்கத்தில் நின்று பார்த்தவர்போலச் சொல்வார். காலையில் அவர் கொண்டுவரும் சிங்காடா என்ற நீர்க்காயின் முள்தோலை உரித்து, வெள்ளைப் பருப்பைப் பச்சையாகவே தருவார். கடித்தால் பால் போன்ற லேசான தித்திப்பு. மிச்சத்தைக் காயவைத்து மாவாக்குவார்கள். நீண்ட கழியால் சேற்றைத் துழாவி அவர் தாமரைத்தண்டு இழுக்கும்போது வரும் அந்த 'பொளக்' சத்தம் ஞாபகமிருக்கிறதா?

விறகுக்கென்று ஏரிக்குள்ளேயே வில்லோ மரங்களை நட்டார்கள். காங்கிரிக் கூடை பின்னியதும் வில்லோக் குச்சியில்தான். அதனால் அந்த மரத்தைத் திட்ட எனக்கு மனம் வருவதில்லை. ஆனால் ஜீலம் கொண்டுவந்த வண்டலை அதன் வேர்கள் பிடித்து வைத்துக்கொண்டன. தண்ணீர் இருந்த இடம் தோப்பானது. 1990-இல் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தபோதே ஏரி வெகுவாகச் சுருங்கியிருந்தது. நடுவிலிருந்த சுல்தானின் தீவு இன்று ஓரத்துக்கு வந்துவிட்டது.

இப்போது சாச்சா இல்லை. அவர் பேரன் சோபூர் மண்டியில் ஆப்பிள் பெட்டி ஏற்றப் போகிறான். படகு ஓட்டுவாயா என்று கேட்டேன்.

"எங்கே ஓட்டறது? ஏரி எங்க வீட்டைவிட்டு ரொம்பத் தூரம் போயிடுச்சே" என்றான்.