28 நாள் மாதம்

மாதம் ஒருமுறை கைப்பேசிக்கு ரீசார்ஜ் செய்வதாகவே நம்மில் பலர் எண்ணுகிறோம். 28 நாள் திட்டமெனில் ஆண்டுக்கு 13 முறை பணம் செலுத்துகிறோம். மாதந்தோறும் ஒரே தேதியில் புதுப்பிக்கும் திட்டம் ஒன்றையேனும் வழங்குமாறு 2022இல் டிராய் நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது.

நம் வீட்டு உம்மாவிடம் இருப்பது பட்டன் போன். வெளிநாட்டிலுள்ள பிள்ளையின் குரலைக் கேட்பதொன்றே அவருக்குத் தேவை. அதற்காக, அவர் தொடாத இணையத்துக்கும் நாம் பணம் கட்ட வேண்டியிருந்தது. அழைப்பும் குறுஞ்செய்தியும் மட்டுமுள்ள திட்டத்தை 2024 டிசம்பரில் டிராய் கட்டாயமாக்கியது. 365 நாள் வரை கால அளவும் அனுமதித்தது.

வீண்விரயம் உணவில் மட்டுமல்ல, ரீசார்ஜிலும் உண்டு. விலையை நாள்கணக்கால் வகுத்துப் பார்ப்போம். முதியோருக்கு அழைப்புத் திட்டத்தைக் கேட்டு வாங்குவோம்.