அஞ்சு மாச மாப்பிள்ளை!

ஆபீஸ் வேலையாக பர்மிங்ஹாம் வந்து மூன்று வாரம். சனிக்கிழமை அதுவுமா ரூமில் உட்கார்ந்து துணி துவைக்கவா? ரயிலேறி, ஷ்ரூஸ்பரியில் வண்டி மாறி, லட்லோவில் இறங்கினேன்.

சின்ன ஊர். கோட்டை வாசலிலேயே சந்தை. சீஸ், ரொட்டி, பழைய சாமான்... நம்ம ஊர்ச் சந்தைதான், கூச்சல் மட்டும் மிஸ்ஸிங்! 1619-ல் கட்டிய ஃபெதர்ஸ் ஓட்டல், மரச்சட்டங்களில் கோலம் போட்ட மாதிரி நிற்கிறது.

டிக்கெட் எடுத்துக் கோட்டைக்குள் போனால், சுவர் உண்டு, கூரை இல்லை. இளவரசர் ஆர்தர் குடித்தனம் நடத்திய இடம். 1501 நவம்பரில் ஸ்பெயின் இளவரசி காதரினோடு கல்யாணம். இருவரும் இங்கேதான் படுத்தார்கள். காதரின் பிழைத்துக்கொண்டார். ஆர்தர் 1502 ஏப்ரல் 2-ல் போய்விட்டார். வயது 15!

தம்பி எட்டாம் ஹென்றி ராஜாவாகி, 1509-ல் அண்ணியையே மணந்தார். பிற்பாடு அவரை விலக்கப் போப் மறுக்க, இங்கிலாந்து ரோமோடு உறவையே முறித்தது. ஆர்தர் பிழைத்திருந்தால்?

எனக்கும் கல்யாணமாகி அஞ்சு மாசம்தான் ஸார்! அவள் மாம்பலத்தில். சந்தையிலேயே நின்று போன் போட்டேன்.

"உன்கிட்ட சொல்லலை... மூணு நாளா இருமல்."

"தெரியும். போன்ல கேட்டுட்டுத்தானே இருக்கேன்! பெட்டி சைடு பையில கஷாயப் பொடி வெச்சிருக்கேன், பாருங்க."