குவார்ட்டர்பேக்குக்கு முன்னால் ஐந்து பேர்

கான்சஸ் சிட்டி பக்கம் வேலை கிடைத்து வரும் தமிழர்களிடம் நான் முதலில் சொல்வது, சிவப்பில் ஒரு சட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான். சீசன் தொடங்கிவிட்டால் வெள்ளிக்கிழமைகளில் வங்கிக் காசாளர், பல் மருத்துவர், பள்ளிப் பேருந்து ஓட்டுநர் என்று ஊரே சீஃப்ஸ் அணியின் சிவப்பில் நடமாடும். ஜனவரியில் பொங்கல் விழாவுக்கு மண்டபம் பிடிக்கும் முன் நாங்களே பிளே-ஆஃப் அட்டவணையைப் பார்த்துக்கொள்கிறோம். இந்த ஊர்க்காரர்களோடு மனம்விட்டுப் பேச அமெரிக்கக் கால்பந்து தெரிந்திருக்க வேண்டும். எனக்கு அதைக் கற்றுக்கொடுத்தவன் என் மகன்.

அவன் பள்ளி அணியில் கார்டு. பந்தை வீசும் குவார்ட்டர்பேக்குக்கு முன்னால் வரிசை கட்டி நிற்கும் ஐந்து தடுப்பாளர்களில் ஒருவன். நடுவில் சென்டர், அவருக்கு இரு பக்கமும் கார்டுகள், இரண்டு ஓரத்திலும் டாக்கிள்கள். சென்டர் பந்தைக் கால்களுக்கு நடுவே பின்னால் கொடுத்ததும், எதிரணியின் முன்வரிசை குவார்ட்டர்பேக் மீது பாயும். அவர் பந்தை வீசுவதற்குள் அவரைச் சாய்த்துவிட வேண்டும். இதுதான் பாஸ் ரஷ். சாய்த்துவிட்டால் சாக்.

ஆட்டத்துக்குக் கிளம்பும் முன் அவன் விரல்களை இரண்டிரண்டாகச் சேர்த்து டேப் சுற்றுவதை என் மனைவி பக்கத்திலேயே நின்று பார்ப்பாள். “ஏன்டா, உன் பேரை மைக்ல சொல்லவே மாட்டாங்களா?” என்று ஒருநாள் கேட்டாள். “சொன்னா நான் ஏதோ தப்பு பண்ணிட்டேன்னு அர்த்தம்மா” என்றான். என் பக்கம் திரும்பி, “அப்பா, நீங்க பந்தைப் பார்க்காதீங்க. நானே பார்க்கிறதில்ல. எதிர்ல நிக்கிறவனோட இடுப்பைத்தான் பார்ப்பேன். தலை, தோள் எல்லாத்தையும் ஆட்டி ஏமாத்தலாம்ப்பா, இடுப்பு பொய் சொல்லாது” என்றான். அதற்குப் பிறகு நான் பார்த்த ஆட்டமே வேறு.

பந்து கைக்கு வந்தபின் குவார்ட்டர்பேக்குக்குக் கிடைப்பது சுமார் இரண்டரை வினாடி. அதற்குள் யோசித்து முடியாது. யோசனையெல்லாம் பந்து கிளம்பும் முன்பே நடந்துவிடுகிறது. எதிரணியில் எத்தனை பேர் முன்னால் வந்து நிற்கிறார்கள், யார் பாய்வதுபோலப் பாசாங்கு செய்கிறார்கள், பின்னால் காவல் நிற்பவர்கள் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்கிறார். எதிரணியின் நடு லைன்பேக்கரைச் சுட்டிக்காட்டி, அவரை வைத்தே யாருக்கு யார் பொறுப்பு என்று ஐவரும் பங்கிட்டுக்கொள்கிறார்கள். ஆபத்து வலப்பக்கம் என்று தோன்றினால் வரிசை மொத்தமும் அந்தப் பக்கம் நகரும். போதாதென்றால் பந்தோடு ஓடும் ரன்னிங் பேக் பின்னாலேயே தங்கித் தடுப்பார். ஆனால் தடுக்க ஒருவரை நிறுத்தினால் பந்து பிடிக்க ஒருவர் குறைவார்.

வழக்கமாகப் பாய்பவர்கள் நால்வர். ஐந்து, ஆறு பேரை ஏவினால் அது பிளிட்ஸ். பார்க்கப் பயங்கரமாக இருக்கும். ஆனால் தேர்ந்த குவார்ட்டர்பேக்குக்கு அது வாய்ப்பு. பாய்ந்து வந்தவர் விட்டுவந்த இடம் காலி. எந்த ரிசீவர் ஓட்டத்தைப் பாதியில் நிறுத்தி அந்தக் காலியிடத்தில் திரும்பி நிற்க வேண்டும் என்று முன்பே பேசி வைத்திருப்பார்கள். கபடியில் தேர்ந்த பாடிக்காரன் கோட்டைத் தாண்டும்போதே திரும்பும் வழியைக் கணித்து வைத்திருப்பானே, அப்படி.

சீஃப்ஸ் பயிற்சியாளர் ஆண்டி ரீட் விரும்பும் இன்னொரு பதில் ஸ்கிரீன் பாஸ். பாய்பவர்களை வேண்டுமென்றே உள்ளே விடுவார்கள். அவர்கள் நெருங்கியதும் தலைக்கு மேலே பந்தைச் சின்னதாகத் தூக்கிப் போட, அங்கே ரன்னிங் பேக்கும், வழிவிட்டது போல நடித்த தடுப்பாளர்களும் தயாராக இருப்பார்கள். எதிராளியின் வேகத்தையே அவருக்கு எதிராகத் திருப்பும் இந்த வித்தை எனக்கு மிகவும் பிடிக்கும்.

சீஃப்ஸின் ஆரோஹெட் மைதானத்தில் ஒரு வழக்கம் உண்டு. சொந்த அணியிடம் பந்து இருக்கும்போது கூட்டம் அடங்கி இருக்கும். எதிரணியிடம் பந்து போனால் காது கிழியும். சொந்த அணி ஆடும்போது கத்தியே பழகிய நமக்கு இது புதிது. ஆனால் காரணம் இருக்கிறது. பந்து எப்போது கிளம்பும் என்பது தடுப்பவர்களுக்கு மட்டுமே தெரிந்த ரகசியம். இரைச்சலில் குவார்ட்டர்பேக்கின் குரல் எட்டாவிட்டால் அந்த அனுகூலம் போய்விடும். 2014 செப்டம்பரில் இங்கே எழுந்த சத்தம் 142.2 டெசிபல் என்று கின்னஸில் பதிவாகியிருக்கிறது. இதைச் சமாளிக்க, வரும் அணிகள் குரலே இல்லாமல் ஆடப் பழகி வருகின்றன: பின்னால் திரும்பிப் பார்க்கும் கார்டு சென்டரைத் தட்டுவார்; அதை வைத்து ஐவரும் கிளம்புவார்கள்.

இத்தனை உபாயமும் பலிக்காத நாள் ஒன்று எங்கள் ஊருக்கு வந்தது. 2021 பிப்ரவரி 7, டாம்பா அணிக்கு எதிராக அவர்கள் ஊரிலேயே சூப்பர் பௌல் இறுதி ஆட்டம். எங்கள் குவார்ட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸின் இரண்டு டாக்கிள்களும் காயத்தில். எரிக் ஃபிஷருக்கு முந்தைய ஆட்டத்தில்தான் குதிகால் தசைநார் அறுந்திருந்தது. மிட்செல் ஷ்வார்ட்ஸுக்கு முதுகு. கார்டு லோரான் டுவர்னே-டார்டிஃப் மருத்துவம் படித்தவர். கொரோனா காலத்தில் அந்த சீசனையே விட்டுவிட்டு மான்ட்ரியல் அருகே முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேலைக்குப் போயிருந்தார். (அந்த முடிவுக்காக அவரை இன்றும் மதிக்கிறேன்.) இடம் மாறி நின்ற வரிசை தாங்கவில்லை. டாம்பா அணி அதிகம் பிளிட்ஸ் அனுப்பவே இல்லை. நால்வர் பாய்ந்தார்கள், மற்ற ஏழு பேரும் பின்னால் காவல் காத்தார்கள். மஹோம்ஸ் பந்தோடு பின்னாலும் பக்கவாட்டிலும் ஓடிய தூரம் மொத்தம் 497 யார்டு. ஒருமுறை தரைக்கு இணையாக விழுந்துகொண்டே வீசினார். பந்து சக வீரரின் முகக்கவசத்தில் பட்டுத் தெறித்தது. 31-9 என்று தோற்றோம்.

அடுத்த சீசன் தொடங்கியபோது ஐவரும் புதியவர்கள். கார்டு ஜோ தூனியைப் பெரும் சம்பளத்துக்குப் பிடித்தார்கள். இடது டாக்கிள் ஒர்லாண்டோ பிரவுனை பால்டிமோரிலிருந்து வாங்கினார்கள். கல்லூரி வீரர்கள் தேர்வில் சென்டர் கிரீட் ஹம்ஃப்ரி இரண்டாம் சுற்றில் வந்தார். நுரையீரலில் ரத்தக்கட்டி இருந்ததால் பல அணிகள் தயங்கிய டிரே ஸ்மித் ஆறாம் சுற்றில். இந்த நால்வரோடு 2023 பிப்ரவரியில் சூப்பர் பௌலில் ஃபிலடெல்ஃபியாவை எதிர்கொண்டார்கள். அந்த சீசனில் மட்டும் 70 சாக் எடுத்த அணி அது. மஹோம்ஸின் கணுக்கால் வேறு சரியில்லை. அவர் பந்தைச் சீக்கிரம் கைமாற்றினார். ஓட்ட ஆட்டம் 158 யார்டு தந்தது. வலது டாக்கிள் ஆண்ட்ரூ வைலி, டாம்பாவில் அதே இடத்தில் நின்று அவதிப்பட்டவர். இப்போது அவருக்கு எதிரே 16 சாக் எடுத்த ஹாசன் ரெட்டிக். புல்தரை வழுக்கியது பாய்பவர்களை வாட்டியது உண்மைதான். ஆனாலும் ஒரு சாக்கூட விழவில்லை. 38-35, கோப்பை எங்களுக்கு. அன்று ஊர் முழுக்க மஹோம்ஸ் பெயரைச் சொல்லிக் கொண்டாடியது. எங்கள் வீட்டில் வைலிக்காகக் கைதட்டினோம்.

2025-ல் அதே ஃபிலடெல்ஃபியா நியூ ஆர்லியன்ஸில் நடந்த சூப்பர் பௌலில் கணக்கைத் தீர்த்தது. இந்த முறை ஒரு பிளிட்ஸ்கூட அனுப்பாமல் நால்வரை மட்டும் வைத்து ஆறு சாக். இடைவேளையில் 24-0, முடிவில் 40-22. கார்டான தூனியை அந்த சீசனில் இடது டாக்கிளாக நிறுத்த வேண்டியிருந்தது. நால்வரே ஐவரைக் கடந்துவிட்டால் பின்னால் காலியிடமே இருக்காது. எந்த மேதைக்கும் அப்போது பந்தை அனுப்ப இடம் இல்லை. மஹோம்ஸ் அன்று சரியில்லை என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நிர்வாகத்துக்கும் விஷயம் தெரிந்திருந்தது: அந்த ஏப்ரலில் முதல் சுற்றில் அவர்கள் எடுத்தது ஜோஷ் சிம்மன்ஸ் என்ற டாக்கிளை.

இந்த நாட்டுக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள், பக்கத்து வீட்டார் ஆட்டம் பார்க்க அழைக்கிறார்கள் என்றால் தயங்காமல் போங்கள். பந்து கிளம்பும் முதல் இரண்டு வினாடி முன்வரிசை ஐவரை மட்டும் பாருங்கள். பந்து எங்கே போனது என்று பக்கத்தில் இருப்பவர் சொல்லிவிடுவார்.