ஒரு மார்க்கில் போன போனஸ்

35 எடுத்தால் பாஸ் என்ற பரீட்சையில் 34 வாங்கியவனின் வயிற்றெரிச்சல், 20 வாங்கியவனுக்குப் புரியாது. ஆனாலும் அவனுக்கு ஒரு வழி இருக்கிறது. பணம் கட்டி மறுமதிப்பீடு கேட்கலாம். அதுவும் கைவிட்டால் அடுத்த செமஸ்டரில் எழுதிக்கொள்ளலாம். ஒரு வீடியோ கேம் இப்படி ஒரு மார்க்கில் தவறினால்? அதைச் செய்தவர்களுக்கு மறுமதிப்பீடும் கிடையாது, அரியரும் கிடையாது. கற்பனை இல்லை, நிஜமாகவே நடந்தது.

2010 அக்டோபரில் 'ஃபால்அவுட்: நியூ வேகாஸ்' என்ற ரோல் பிளேயிங் கேம் வெளிவந்தது. உருவாக்கியது கலிஃபோர்னியாவில் உள்ள அப்சிடியன் நிறுவனம். வெளியிட்டது பெதஸ்டா. அணு ஆயுதப் போருக்குப் பிந்தைய மொஹாவி பாலைவனம்தான் களம். தலையில் சுடப்பட்டுப் புதைக்கப்பட்ட ஒரு கூரியர்காரர் பிழைத்து எழுந்து, சுட்டவனைத் தேடிக் கிளம்புகிறார். போகப் போக, ஹூவர் அணை யார் கைக்குப் போக வேண்டும் என்பதையே ஆடுகிறவர் தீர்மானிக்கும் அளவுக்குக் கதை விரிகிறது.

2012 மார்ச்சில் அப்சிடியனின் நிறுவனர்களில் ஒருவரான கிரிஸ் அவலோன் ட்விட்டரில் ஒரு விஷயத்தைச் சொன்னார். இந்த கேமுக்கு அவர்களுக்குக் கிடைத்தது பேசிய தொகை மட்டும்தான். ராயல்டி இல்லை. மெட்டாக்ரிட்டிக் தளத்தில் 85 வந்தால் போனஸ் என்று ஒப்பந்தம். வந்தது 84.

அதே மாதத்தில் அப்சிடியனில் ஆட்குறைப்பும் நடந்தது. அந்த ஒரு மார்க்கினால்தான் வேலை போனது என்று சொன்னால் அது தவறு. வேறொரு பெரிய கேம் ரத்தானதுதான் அப்போது விழுந்த பெரிய அடி. ஆனால் போனஸ் பணம் என்பது ஒரு சிறிய நிறுவனத்துக்குக் கஷ்ட காலத்தில் எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சரி, அந்த 84 நியாயமான மார்க்கா?

முதலில் விமர்சகர்கள் பக்கத்தைப் பார்த்துவிடலாம். அவர்கள் பொய் சொல்லவில்லை. வெளிவந்த நாளில் நியூ வேகாஸ் பிழைகள் மலிந்த கேம். ஆரம்பக் காட்சியில் கூரியர்காரருக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரின் தலை தனியாகச் சுற்றும் வீடியோ அன்றைக்கு இணையம் முழுக்க ஓடியது. கேம் பாதியில் உறைந்துபோனது, சேமித்து வைத்தது கெட்டுப்போனது என்று ஏகப்பட்ட புகார்கள். சுமார் 18 மாதத்தில் செய்து முடித்த இவ்வளவு பெரிய கேமில் அது ஆச்சரியமும் இல்லை. காசு கொடுத்து வாங்குகிறவனை எச்சரிப்பது விமர்சகரின் கடமை. அந்த வகையில் மார்க்கைக் குறைத்தது சரிதான்.

சிக்கல் அதற்குப் பிறகு ஆரம்பிக்கிறது. பிழைகள் பல திருத்தப்பட்டன. நான்கு கூடுதல் கதைகள் வந்தன. மார்க் மட்டும் மாறவில்லை. ஒரு பத்திரிகை முதலில் கொடுத்த மார்க்கைத்தான் மெட்டாக்ரிட்டிக் எடுத்துக்கொள்ளும். பிறகு மனம் மாறினாலும் கணக்கில் வராது. வணிகவியல் படிப்பவர்களுக்கு இது எளிதில் புரியும். இருப்புநிலைக் குறிப்பு என்பது மார்ச் 31 அன்றைய நிலவரம் மட்டுமே. அதற்காகத்தான் தலைப்பிலேயே தேதி போடுகிறார்கள். கேம் மார்க்கின் பக்கத்தில் எவரும் தேதியைப் பார்ப்பதில்லை.

இன்னொன்று. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். பந்தய கேமுக்கு அது பொருந்தும். இரண்டு மணி நேரம் ஓட்டிப் பார்த்தால் வண்டியின் குணம் தெரிந்துவிடும். ரோல் பிளேயிங் கேமுக்குப் பொருந்தாது. முப்பது நாற்பது மணி நேரம் ஓடும் கதை. எந்தக் கட்சியோடு சேர்ந்தால் என்ன ஆகும், யாரைக் கொன்றால் எந்தக் கதவு மூடும் என்பதெல்லாம் இரண்டாவது, மூன்றாவது தடவை ஆடும்போதுதான் தெரியும். நியூ வேகாஸின் பலமே அங்கேதான் இருக்கிறது. வெளியீட்டு நாளுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டிய விமர்சகர் எத்தனை தடவை ஆட முடியும்? தலை சுற்றும் டாக்டர் முதல் ஐந்து நிமிடத்திலேயே கண்ணில் படுவார். நல்ல எழுத்து நாற்பதாவது மணி நேரத்தில்தான் தெரியும்.

மூன்றாவது, சராசரி போடும் விதம். ஒருவர் ஐந்து நட்சத்திரத்தில் கொடுக்கிறார், ஒருவர் பத்துக்குக் கொடுக்கிறார், ஒருவர் பி கிரேடு என்கிறார். நான்கு நட்சத்திரம் 80 ஆகிறது, பி கிரேடு 75 ஆகிறது. பி கொடுத்தவர் மனதில் 75 இருந்ததா, 82 இருந்ததா? இது போதாதென்று சில பத்திரிகைகளுக்கு அதிக எடை, சிலவற்றுக்குக் குறைவு. எதற்கு எவ்வளவு என்பதை மெட்டாக்ரிட்டிக் வெளியே சொல்வதில்லை. இப்படிக் கிடைத்த எண்ணில் 84க்கும் 85க்கும் நடுவே கோடு போட்டு, இந்தப் பக்கம் இருந்தால் பணம், அந்தப் பக்கம் இருந்தால் இல்லை என்பது, மீன் எடை போடும் தராசில் தங்கத்தை நிறுப்பது மாதிரி.

மார்க் எப்போதும் குறைத்தே மதிப்பிடும் என்றும் நினைக்க வேண்டாம். 2020 டிசம்பரில் வந்த 'சைபர்பங்க் 2077' நேர் எதிரான கதை. வெளியீட்டுக்கு முன் விமர்சகர்களுக்குக் கிடைத்தது கம்ப்யூட்டர் பதிப்பு மட்டும். மார்க்குகள் அமோகம். அதை நம்பி பிளேஸ்டேஷன் 4-க்கு வாங்கியவர்கள் கையில் கிடைத்ததோ ஆடவே முடியாத சரக்கு. சில நாட்களிலேயே சோனி தன் கடையிலிருந்து அதை எடுத்துவிட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. இதை உருவாக்கிய சிடி ப்ரொஜெக்ட் நிறுவனத்திலும் ஊழியர் போனஸ் விமர்சன மார்க்கோடு கட்டப்பட்டிருந்தது. இந்தக் களேபரத்தில் அந்த நிபந்தனையை நிர்வாகமே கைவிட்டது. பின்னர் 2023 செப்டம்பரில் வந்த பெரிய திருத்தத்துக்குப் பிறகு கேம் வெகுவாக மாறிவிட்டது. பழைய மார்க் அங்கேயே இருக்கிறது.

ஆக, விமர்சன மார்க் ஒரு கேள்விக்கு மட்டும் ஓரளவு சரியாகப் பதில் சொல்கிறது: வெளிவந்த வாரத்தில் இதை வாங்கலாமா? அதற்கும்கூட மார்க்கை விட அதன் கீழே எழுதியிருக்கும் நாலு பத்திதான் உபயோகம். 'பிழைகள் அதிகம், எழுத்து அருமை' என்று படித்தால் ஒருவர் ஆறு மாதம் பொறுத்து வாங்கலாம். வெறும் 84 என்று பார்த்தால் அந்த யோசனை வராது.

நல்ல கேமா, பத்து வருடம் நிற்குமா, செய்தவர்களுக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்ற கேள்விகளை அந்த எண்ணிடம் கேட்கவே கூடாது. அப்படிக் கேட்டது விமர்சகர்கள் இல்லை. எண்ணைக் கொண்டுபோய் ஒப்பந்தத்தில் எழுதியவர்களும், சரி என்று கையெழுத்துப் போட்டவர்களும்தான்.

அப்சிடியனை வாங்குவதாக 2018-இல் மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. பெதஸ்டாவின் தாய் நிறுவனத்தை 2021-இல் வாங்கியது. போனஸ் கொடுக்காதவரும் வாங்காதவரும் ஒரே முதலாளியிடம் வந்து சேர்ந்துவிட்டார்கள். நியூ வேகாஸை இன்றைக்கும் புதிதாக ஆடத் தொடங்குகிறவர்கள் இருக்கிறார்கள். மார்க் மட்டும் இன்னும் அதே 84.